பலகை இல்லாத அறை

அன்புள்ள முரளிக்கு,

அத்தை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் பாதி காதில் விழும், பாதி விழாது. எழுதி வைத்தால் வேண்டியபோது எடுத்துப் படிப்பாய் என்றுதான் பேனாவை எடுத்தேன். நீ கேட்டவை இரண்டு. நம்ம ஊரில் குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் எங்கே நடக்கிறது? போனால் யாராவது பார்த்துவிடுவார்களா? இரண்டாவதைக் கேட்கும்போது உன் குரல் இறங்கிப்போனது. இருபத்தாறு வயதில் இதைக் கேட்க எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். உன் மாமா அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது.

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உன் கை நடுக்கத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

காலையில் தறியில் உட்கார்ந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது, ஒரு கட்டிங் போட்டபிறகுதான் நாடா நேராக ஓடுகிறது என்றாய். நானும் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு பக்கக் கரைக்கும் தனித்தனி நாடா, மூன்றும் இழைக்கு இழை ஒன்றையொன்று கோத்துக்கொண்டு வரவேண்டும். ஒரு பக்கத்தில் உன் பெண்டாட்டி செல்வி உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கிறாள். உன் கை தவறினால் உடலும் கரையும் சேரும் கோட்டில் இழை ஏறி இறங்கிவிடும். முதலாளிக்கு அது சேலையை விரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும். செல்விக்கு அந்த நிமிஷமே தெரியும். அவள் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்காக அவளுக்குத் தெரியாது என்று நினைக்காதே.

அந்த நடுக்கம் பயத்தினால் வருவதில்லை, மனத்திடம் இல்லாததாலும் வருவதில்லை. தினமும் சாராயம் பழகிய மூளையும் நரம்பும் அது கிடைக்காதபோது படும் பாடு அது. நான் வார்டில் வேலை பார்த்த காலத்தில் இதை நிறையப் பார்த்தேன். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, குமட்டல், தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கிவிடும். இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிடுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். சபரிமலைக்கு மாலை போட்ட மூன்றாம் நாள் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சாமி குற்றம் என்று வீட்டார் அழுவார்கள். நல்ல எண்ணத்தோடு குடியைச் சட்டென்று நிறுத்தியதுதான் காரணம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே நாளையிலிருந்து தொடவே மாட்டேன் என்று தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து ஆரம்பிக்காதே. முதலில் அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போ. மாவட்ட மனநலத் திட்டத்தில் அங்கே மனநல மருத்துவர் பார்க்கிறார். காலையிலேயே போய் வெளிநோயாளிச் சீட்டு வாங்கு. எவ்வளவு குடிக்கிறாய், எத்தனை வருஷமாக, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, எப்போதாவது வலிப்பு வந்ததா, இந்த நான்கையும் ஒளிக்காமல் சொல். நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் அளவு குறைத்துக்கொண்டே வரும் மாத்திரை தருவார்கள், தயமின் என்கிற வைட்டமின் தருவார்கள், தேவைப்பட்டால் சில நாள் படுக்கவைப்பார்கள். மருந்துக்கடையில் நீயாகத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதே. அது குடியைப் போலவே உன்னைப் பிடித்துக்கொள்ளும்.

உடம்பு தெளிவது ஒரு வாரத்து வேலை, முரளி. எங்கள் வார்டிலிருந்து முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிட்டு, கும்பிட்டு விடைபெற்றுப் போனவர்களில் எத்தனையோ பேர் மாதம் திரும்புவதற்குள் அதே கட்டிலுக்கு வந்தார்கள். அவர்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை, குடும்பத்தின் மேல் பாசம் இல்லாமலும் இல்லை. சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில், கையில் பணமும் முதுகில் வலியுமாகத் தெருவில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில், அவர்களோடு நிற்க ஆள் இல்லை. மருத்துவரால் அங்கே வந்து நிற்க முடியாது. அதற்குத்தான் கூட்டம்.

இந்தக் கூட்டம் ஆரம்பித்த கதையை நீ தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் அதிலும் ஒரு நடுங்கும் கை இருக்கிறது. 1935, அமெரிக்காவில் ஆக்ரான் என்கிற ஊர். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் வியாபார வேலையாக அங்கே வந்து, காரியம் கெட்டு, ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. பக்கத்திலேயே மதுக்கூடம், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் இன்றைக்குத் தப்பிப்போம் என்று அவருக்குத் தோன்றுகிறது. அங்கே மாட்டியிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களுக்குப் போன் மேல் போன் போடுகிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப், அறுவைச் சிகிச்சை நிபுணர். குடியால் கை நடுங்கித் தொழிலே போய்க்கொண்டிருந்த மனிதர். கால் மணி நேரம் மட்டும் பேசுவேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் ஜூன் 10-ஆம் தேதிக்குப் பிறகு டாக்டர் பாப் குடிக்கவில்லை. அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது எல்லோரும் ஏ.ஏ. என்று சொல்கிற அமைப்பு, தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

டாக்டர் பாப்புக்குக் குடியின் கேடு தெரியாதா? உடலை அறுத்துப் பார்த்தவர் அவர். குடிக்காதே என்று அவருக்குச் சொல்லாத ஆள் இல்லை. தன்னைப் போலவே விழுந்து கிடந்த ஒருவன், தன்னைத் திருத்த வராமல் தான் பிழைப்பதற்காக வந்து எதிரே உட்கார்ந்தபோதுதான் அவருக்குக் காது திறந்தது. கூட்டத்தின் சூட்சுமம் எல்லாம் இதில் இருக்கிறது என்பது என் கருத்து. நீ அங்கே போனால் உனக்கு உதவுகிறார்கள் என்று மட்டும் நினைக்காதே. புதிதாக வந்து கதவோரம் உட்காரும் நீயும் அங்கே இருப்பவர்களுக்கு உதவுகிறாய்.

1957-இல் ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது, டில்லியிலும் பம்பாயிலும். இன்று சென்னையில் நகரின் பல பகுதிகளில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. இது வெறும் நம்பிக்கைதானே என்று நீ கேட்கலாம், உன் தாத்தா பகுத்தறிவுக்காரர். 2020-இல் காக்ரேன் என்ற ஆய்வமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு ஏ.ஏ.-யும் அதன் வழியில் சேர்த்துவிடும் முறையான சிகிச்சையும் மற்ற முறைகளுக்குக் குறைந்தவை அல்ல, பல இடங்களில் அவற்றைவிட மேல் என்று அது முடிவு சொன்னது. இதில் கட்டணம் ஒரு காசு இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்.

இனி, எங்கே என்ற கேள்வி. டாஸ்மாக் கடைக்குப் பெரிய பலகை இருக்கிறது, பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 மணிக்குச் சாத்துகிறார்கள் என்பது ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையையும் அரசே நடத்துகிறது. குடியை விட நினைப்பவன் போய் உட்காரும் அறைக்கு மட்டும் பலகை இல்லை. அரசாங்கத்தின் மேல் எனக்கு இதில் தீராத கோபம் உண்டு. 2019-இல் வந்த எய்ம்ஸ் கணக்கெடுப்பில், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார்கள். மற்ற 37 பேருக்கும் விருப்பம் இல்லை என்று நான் நம்பமாட்டேன். எங்கே போவது என்று தெரியாமல் இருந்தவர்கள் அதில் பாதிப் பேராவது இருப்பார்கள்.

பலகை இல்லாததால் விசாரித்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். மருத்துவமனைக்குப் போகும் அன்றே, மருத்துவரிடம் மட்டும் அல்ல, அங்கிருக்கும் மனநல ஆலோசகரிடமும் சமூகப் பணியாளரிடமும் கேள்: ‘ஏ.ஏ. கூட்டம் பக்கத்தில் எங்கே, என்ன கிழமை?’ அவர்களிடம் யாராவது ஒருவருடைய போன் நம்பர் இருக்கும். 14446 மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண், கட்டணம் இல்லை. 14416 டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஏ.ஏ. இந்தியா அமைப்பிடமும் ஊர்வாரியாகக் கூட்ட விவரம் கேட்டு வாங்கலாம். சென்னையில் இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனையிலும் கேட்கலாம். அதை ஆரம்பித்த சாந்தி ரங்கநாதன் கணவரை இளவயதில் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980-இல் கணவர் பெயரிலேயே அறக்கட்டளை தொடங்கினார். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1989 முதல் ஊர்க்காரர்கள் துணையோடு அவர்கள் நடத்திய முகாம்களைப் பற்றி எங்கள் பயிற்சியில் சொல்லுவார்கள். குடித்தவனைத் தூரத்து ஊருக்கு அனுப்பாமல், அவன் ஊர்ப் பக்கத்திலேயே வைத்து, ஊரே பார்க்க, வீட்டாரையும் உட்காரவைத்து வைத்தியம் பார்த்தார்கள். வைத்தியம் முடிந்து தெருவுக்குத் திரும்பும்போது அவனை என்ன செய்யவேண்டும் என்று ஊருக்கும் தெரிந்திருந்தது.

கூட்டத்தின் இடமும் நேரமும் மாறும். வகுப்பறை, தேவாலய வளாகத்து அறை, யாராவது கொடுத்த மாடி, இப்படி எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. ஆகவே போவதற்கு முன்னால் ஒரு தடவை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள். போய்ப் பூட்டிய கதவைப் பார்த்தால் திரும்பும் வழியில் உன் கால் எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது.

யாராவது பார்த்துவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். காந்தி ரோட்டில் ஒரு முனையில் தும்மினால் மறுமுனையில் கேட்கும் ஊர் நம்முடையது. ஒத்துக்கொள்கிறேன். முதல் கூட்டங்களுக்குத் தாம்பரம் வா. காஞ்சிபுரத்திலிருந்து பஸ் ஏறினால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடலாம். மாமாவோடு போ. இங்கே உன்னை யாருக்கும் தெரியாது. அந்த அறையில் வருகைப் பதிவேடு கிடையாது, விலாசம் கேட்கமாட்டார்கள், பெயர் சொல்லப் பிடிக்காவிட்டால் வேறு பெயர் சொல்லலாம். அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது என்பது கட்டுப்பாடு. மாமா இத்தனை வருஷமாகப் போகிறார், உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஆனாலும் தாம்பரம் போதாது. இதை நீ கவனமாகப் படிக்கவேண்டும். கூலி வாங்கிய நாளில் பகல் 12 மணிக்கு உன் கால் கடைப்பக்கம் திரும்பும்போது, தாம்பரத்திலிருக்கும் மாமா போனில் பேசலாம், ஓடி வரமுடியாது. செவிலிமேட்டிலோ ஓரிக்கையிலோ இருக்கும் ஒருவன் சைக்கிளில் பத்து நிமிஷத்தில் வந்து, ‘வா, டீ குடிக்கலாம்’ என்று உன் தோளில் கை போடமுடியும். ஆகவே தைரியம் கொஞ்சம் வந்ததும் உள்ளூர்க் கூட்டத்தையே பிடி. அங்கே தெரிந்த முகம் இருக்கும் என்று பயப்படுகிறாய். இருக்கட்டும். அவரும் அதே காரணத்துக்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார், உன்னைப் பார்த்தேன் என்று அவர் வெளியே சொன்னால் தன்னையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். அத்தோடு, நீ கடை வாசலில் நின்றதை ஊர் பார்க்கவில்லையா என்ன? அதற்குக் கூசாத இடத்தில் இதற்கு ஏன் கூசவேண்டும்? கோபப்படாதே, அத்தை உரிமையில் கேட்கிறேன்.

உனக்குத் தோதான நாளில், தோதான தூரத்தில் கூட்டம் அமையவில்லை என்றாலும் வழி இருக்கிறது. குடியை நிறுத்துவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்பது அவர்களுடைய மரபு. தலைவர் வேண்டாம், பதிவு வேண்டாம், வெளி நன்கொடை வாங்கமாட்டார்கள். சென்னைக் குழுக்களிடம் கேட்டால் பழைய ஆட்கள் வந்து ஆரம்பித்துக் கொடுப்பார்கள். தறி ஓடும் தெருக்களில் எத்தனை பேருக்கு இது தேவை என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததும் பயத்துக்கு ஒரு காரணம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகவோ வரிசையாகவோ போட்டிருக்கும். சுவரில் ஏ.ஏ.-யின் வழிமுறையான பன்னிரண்டு படிகளை எழுதிய தட்டி ஒன்று தொங்கும். சற்று நேரம் மௌனம், பிறகு ஒரு சின்னப் பிரார்த்தனை: மாற்றமுடியாததை ஏற்கும் மன அமைதியும், முடிந்ததை மாற்றும் துணிவும், இரண்டையும் பிரித்தறியும் தெளிவும் கேட்கிற பிரார்த்தனை. பிறகு ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்பார். எல்லோரும் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். அவர் தன் கதையைச் சொல்வார். யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், புத்தி சொல்லமாட்டார்கள், கேள்வி கேட்கமாட்டார்கள். முடிந்ததும் அடுத்தவர். ஒரு பை சுற்றி வரும், அறை வாடகைக்கும் டீக்கும். இருந்தால் பத்து ரூபாய் போடு, இல்லாவிட்டால் பையை அடுத்தவரிடம் கொடு. ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உன் முறை வந்தால், ‘இன்றைக்குக் கேட்கத்தான் வந்தேன்’ என்று சொன்னால் போதும். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை விடவேண்டும் என்ற ஆசை.

குடிக்காதவர்களும் போகக்கூடிய திறந்த கூட்டம் ஒன்றில் நான் கேட்டதில் பொதுவாகச் சொல்லக்கூடியதை மட்டும் சொல்கிறேன். நான் ஏதோ பெரிய தத்துவம் பேசுவார்கள் என்று நினைத்துப் போனேன். அவர்கள் பேசியது எல்லாம் சின்னச் சின்ன சங்கதி. கல்யாண வீட்டில் பந்திக்குப் பின்னால் கூப்பிட்டால் என்ன பதில் சொல்வது, சாவு வீட்டில் ராத்திரி முழுக்க எப்படி உட்காருவது, சம்பளத்தை யார் கையில் கொடுப்பது, சாயங்காலம் ஆறு மணிக்குப் பசியும் கோபமும் சேர்ந்து வரும்போது முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் ஆசை எப்படித் தணிகிறது. இதை எந்த மருத்துவரும் எனக்குப் பாடம் நடத்தியதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்கமாட்டேன் என்று அவர்கள் சொல்வதும் இந்த வகையைச் சேர்ந்த நடைமுறை அறிவுதான். ஆயுசு முழுக்க என்றால் மலைப்பு, ராத்திரி படுக்கும்வரை என்றால் முடியும்.

நம் தெருவில் இதற்கு ஒத்த ஒன்றை நீயே பார்த்திருக்கிறாய். கார்த்திகையில் மாலை போட்டவன் ஒரு மண்டலம் குடிப்பதில்லை. நீயும் இரண்டு வருஷம் இருந்தாய். அது எப்படி முடிந்தது என்று யோசித்தாயா? ஐயப்பன் அருள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் பெண்டாட்டி முதல் டீக்கடைக்காரர் வரை உன்னைச் சாமி என்று கூப்பிட்டார்கள், கடைப்பக்கம் நீ போனால் நாலு பேர் தடுத்திருப்பார்கள், சாயங்காலம் பஜனைக்குப் போக ஓர் இடம் இருந்தது, சந்தேகம் கேட்கக் குருசாமி இருந்தார். மாலையைக் கழற்றிய அன்று இவை அத்தனையும் ஒரே நாளில் காணாமல்போயின. மலையிலிருந்து திரும்பிய வண்டி ஊருக்குள் வருமுன்னே கடையில் நின்றது என்று நீதான் சொன்னாய். அந்த ஒரு மண்டலத்துக் கூட்டுறவைக் கழற்றாமல் வைத்துக்கொள்வதற்கு ஏ.ஏ.-யில் வழி செய்திருக்கிறார்கள். குருசாமியைப் போல அங்கே ஸ்பான்சர் என்று ஒருவர். உனக்கு முன்னே விட்டவர், உன் போனை எந்த நேரமும் எடுப்பவர்.

தனியாகச் செய்கிற சத்தியம் எத்தனை நேரம் நிற்கும் என்பதற்கு நம் ஊரிலேயே பழைய சாட்சி உண்டு. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவர் மத்தவிலாசப் பிரகசனம் என்று ஒரு நாடகம் எழுதினார். கதை நடப்பது காஞ்சித் தெருக்களில். குடித்துத் தள்ளாடும் காபாலிகன் ஒருவன், போதையில் துணைவியின் பெயரையே மாற்றிச் சொல்லிவிட்டு, அவள் கோபித்ததும் இன்றோடு குடியை விட்டேன் என்கிறான். அவளே வேண்டாம் என்று தடுக்கிறாள். உடனே இருவரும் மதுக்கடைக்கு நடக்கிறார்கள். 1,400 வருஷத்துக்கு முன்னால் ராஜா அதைச் சிரிப்பதற்காக எழுதினார். குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்த கைகளைப் பார்த்த எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை.

இன்னொரு பேச்சையும் பேசிவிடுகிறேன். பிரார்த்தனை, இறைவன் என்று வருகிறதே, நமக்குச் சரிப்படுமா என்று உனக்குத் தோன்றும். அவர்கள் எந்த மதத்தையும் சேர்ந்தவர்கள் அல்ல. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்றுதான் படிகளில் எழுதியிருக்கிறது. காமாட்சி என்று நினைப்பவர் நினைக்கட்டும், வரதர் என்பவர் வரதர் என்று நினைக்கட்டும். தாத்தா வழியில் ஒன்றையும் நம்பமாட்டேன் என்றால், அந்த அறையில் இருக்கும் இருபது பேரின் சேர்ந்த பலம் உன் ஒருவன் பலத்தைவிடப் பெரியது என்பதை மட்டும் நம்பு, போதும். அண்ணா பிறந்த ஊர்க்காரன் நீ. மதுவிலக்கை விலக்கமாட்டேன் என்று கடைசிவரை நின்றவர் அவர், அதற்குக் கடவுளைத் துணைக்கு அழைக்கவில்லை.

செல்விக்கு ஒன்று. குடிநோயாளிகளின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் சேர்ந்து ஆரம்பித்தது. நான் போனேன். மாமாவைத் திருத்த வழி கேட்கப் போனவளுக்கு, நீ எப்போது கடைசியாக வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாய் என்று கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாட்டிலை ஒளிக்காதே, முதலாளியிடம் அவனுக்காகப் பொய் சொல்லாதே, அவன் வாங்கிய கடனை நகையை வைத்து அடைக்காதே, அவன் குடிப்பது உன்னால் அல்ல, நீ நினைத்து நிறுத்தவும் முடியாது என்று அங்கே கற்றேன். செல்வியை என்னிடம் அனுப்பு, நான் கூட்டிப்போகிறேன்.

அவளுக்கு இன்னொன்றையும் அவசியம் சொல். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விளம்பரம் வரும். வாங்கவே கூடாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரை இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து, சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சோதித்து, நீ தெரிந்து, நீ சம்மதித்து எடுத்தால் அது மருந்து. ரசத்தில் ரகசியமாகக் கலந்தால் விஷம். அதேபோல, ஆளை வண்டியில் தூக்கிப்போய் அடைத்துவைக்கும் மையங்களை யாராவது சொன்னால், 2017 மனநலச் சட்டத்தின்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறார்களா, மனநல மருத்துவர் வருகிறாரா, வீட்டார் பார்க்க விடுவார்களா என்று கேட்கச் சொல். முகம் சுளித்தால் வாசலோடு திரும்பிவிடவேண்டும்.

நடுவில் ஒரு நாள் தவறிவிடலாம். பலருக்கும் நேர்கிறது, மாமாவுக்கும் நேர்ந்தது. அன்றைக்கு, இத்தனை நாள் போனது வீண் என்று தோன்றும், இனி எந்த முகத்தோடு போவது என்று தோன்றும். மறுநாளே போ. கூட்டத்தில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் விட்டுவிடாதே, வேறு கிழமை, வேறு இடத்துக்குப் போய்ப் பார். பேசுகிற ஆளைப் பொறுத்து ஒவ்வொன்றும் வேறாக இருக்கும். உன் வயதுப் பையன்கள் வருகிற கூட்டங்களும் உண்டு.

முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை நினைத்து, வேலையை நிறுத்தி மருத்துவமனையில் படுக்கமுடியாது என்றாய். அவரிடம் உடம்பு சரியில்லை, பத்து நாள் தறி நிற்கும் என்று மட்டும் சொல். உண்மைதான் அது, அதற்கு மேல் விளக்கம் தரவேண்டியதில்லை. தறியில் இருக்கும் பாவு அப்படியே இருக்கட்டும், ஒன்றும் கெட்டுவிடாது. அடுத்த சேலைக் கூலியை வாங்கும்போது செல்வியும் கூட வரட்டும், பணம் அவள் கையில் போகட்டும். முதல் ஆறு மாதத்துக்காவது இந்த ஏற்பாடு இருக்கட்டும் என்று மாமா உனக்குச் சொல்லச் சொன்னார்.

திங்கள்கிழமை காலையில் வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம், செவ்வாய்க்கிழமை போ. துணைக்கு மாமா முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். முந்தின ராத்திரி சாப்பிட்டுப் படு, ஆதார் அட்டையை எடுத்து வை, முன்பு காட்டிய சீட்டு ஏதாவது இருந்தால் அதையும் வை. இடையில் கை அதிகமாக நடுங்கினாலோ உளறல், வலிப்பு வந்தாலோ செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருக்காதே, செல்வியை 108-க்கு அடிக்கச் சொல்.

அன்புடன்,
உன் அத்தை